பன்னிரண்டு மூணும் பதினாலு ஆட்களும்

தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே டீ குடித்து வளர்ந்தவர்களுக்கு ‘பன்னிரண்டு மூணு’ என்றால் விளக்கம் தேவைப்படாது. 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவு. லேபர் ஆபீசர் முன்னால் உட்கார்ந்து நிர்வாகமும் சங்கமும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் அது பன்னிரண்டு மூணு. ஆபீசர் இல்லாமல் தங்களுக்குள் போட்டுக்கொண்டால் பதினெட்டு ஒண்ணு. முதலாவது, அந்தத் தொழிற்சாலையின் எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும். சங்கத்தில் இல்லாதவர், நாளைக்குச் சேரப் போகிறவர் எல்லாரும் அதில் அடக்கம். இரண்டாவது, கையெழுத்துப் போட்ட தரப்பை மட்டும்தான் கட்டுப்படுத்தும். பெண் பார்க்க வந்த இடத்தில் “மாப்பிள்ளைக்குப் பன்னிரண்டு மூணு முடிஞ்சிருச்சா?” என்று கேட்ட பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். முடிந்திருந்தால் சம்பளம் ஏறியிருக்கும், அரியர்ஸ் வரும், கல்யாணத்தை வைகாசியிலேயே வைத்துவிடலாம்.

புதுச் சட்டத் தொகுப்பு வந்து பிரிவு எண்ணெல்லாம் மாறிவிட்டது. வாயில் பழகினது அவ்வளவு சீக்கிரம் மாறாது.

நான் சங்கத்துக்காரனும் இல்லை, நிர்வாகமும் இல்லை. மதுரைக்குத் தெற்கே, கப்பலூர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் இருபத்தேழு வருஷம் டைம் ஆபீஸ் கிளார்க்; ஆட்களின் வருகைக் கணக்கு வைப்பது வேலை. கம்பெனி பேர் வேண்டாம். அது ஒன்றும் மோசமான இடம் இல்லை. ஏழாம் தேதி என்றால் ஏழாம் தேதி சம்பளம் போட்டுவிடும். ஒப்பந்தப் பேச்சுவார்த்தை நடக்கும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டு மேஜை ஓரத்தில் கால்குலேட்டரோடு உட்கார வைப்பார்கள். சங்கம் ஒரு தொகை சொன்னால் அது மாதத்துக்கு எவ்வளவு, பிஎஃப் சேர்த்தால் எவ்வளவு, மூன்று வருஷத்துக்கு எவ்வளவு என்று துண்டுச் சீட்டில் எழுதி மேனேஜர் பக்கம் நகர்த்த வேண்டும். கம்பெனி பாஷையில் அதற்கு ‘லோடு’ என்று பேர். அப்படி ஏழு ஒப்பந்தங்களுக்கு லோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

சம்பள ஏற்றத்தாழ்வு பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே இருக்கும் தூரத்தைத்தான் அளக்கிறார்கள். அதில் எனக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்து நான் பார்த்தது தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே விழுந்த தூரம். அதில் என் கால்குலேட்டருக்கும் பங்கு உண்டு.

சதவீதக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், அது எளிது. ஒரே லைனில் மூத்த ஆபரேட்டருக்கு 40,000, புதிதாக நிரந்தரமான பையனுக்கு 18,000 என்று வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் 15 சதவீதம் என்று முடித்தால் காதுக்கு நியாயமாக இருக்கும். பெரியவருக்கு 6,000 ஏறும், பையனுக்கு 2,700. நடுவே 22,000 இருந்த இடைவெளி 25,300 ஆகிவிடும். மூன்று ஒப்பந்தம் இப்படியே போனால் 33,000-ஐத் தாண்டும். அதே செலவில் ஆளுக்கு 4,350 என்று ரூபாயாகக் கொடுத்திருந்தால் இடைவெளி இருந்த இடத்திலேயே நின்றிருக்கும். கம்பெனிக்கு இரண்டும் ஒரே லோடுதான். ஆனால் மேஜையில் உட்காரும் கமிட்டி ஆட்களில் பாதிப் பேர் ரிட்டயர்மெண்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள். சதவீதம்தான் அவர்கள் நாக்கில் முதலில் வரும்.

பஞ்சப்படியில் இதற்கு நேர்மாறான ஒரு வழக்கம் உண்டு. தமிழ்நாட்டு அரசு அறிவிக்கும் குறைந்தபட்சக் கூலியில், சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வைத்து வருஷா வருஷம் ஏப்ரலில் பஞ்சப்படி ஏறும். புள்ளிக்கு இவ்வளவு என்று, தரை கூட்டுகிறவருக்கும் ஃபிட்டருக்கும் ஒரே தொகை. அரிசி விலை இரண்டு பேருக்கும் ஒன்றுதானே, சரிதான். ஆனால் இருபது வருஷம் இப்படி ஏறினால் பஞ்சப்படி பேசிக்கை விழுங்கிவிடும். திறமைக்கென்று இருந்த வித்தியாசம் சில்லறையாகிவிடும். “அண்ணே, நான் ஐடிஐ எதுக்குப் படிச்சேன்? கூட்டுறவருக்கும் எனக்கும் நானூறு ரூபாதான் வித்தியாசம்” என்று ஒரு டர்னர் என் ஜன்னலில் வந்து சத்தம் போட்டான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஏழாவது ஒப்பந்தத்தில் பாதி ரூபாயாக, பாதி கிரேடுக்கும் வேலை பார்த்த வருஷத்துக்குமாகப் பிரித்து முடித்தார்கள். யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. நான் பார்த்த ஏழில் உருப்படியானது அதுதான்.

சரி, இதெல்லாம் பட்டியலில் பேர் இருக்கிறவர்களுக்குள் நடந்த பங்கீடு. பட்டியலுக்கு வெளியே இருந்தவர்கள் கதை வேறு.

மாதாமாதம் மூன்றாம் தேதி காண்ட்ராக்டர் பில் வரும். ‘பெயிண்டிங் செக்‌ஷன்: ஆட்கள் 14, நாட்கள் 26’ என்று இருக்கும். பக்கத்தில் ரேட், சர்வீஸ் சார்ஜ், கீழே வரி. பேர் இருக்காது. நிரந்தரத் தொழிலாளி ஒருவருக்கு என் ரிஜிஸ்டரில் டிக்கெட் நம்பர், அப்பா பேர், ரத்த குரூப், நாமினி எல்லாம் உண்டு. மனைவியோடு சண்டை போட்டு நாமினியைத் தம்பி பேருக்கு மாற்றி, ஆறு மாதம் கழித்துத் திரும்ப மாற்றினவர் கதைகூட எனக்குத் தெரியும். இந்தப் பதினாலு பேர் எண்ணிக்கை மட்டும்தான். பன்னிரண்டு பேர் வந்து இரண்டு ஆள் குறைந்தால் ‘ஷார்ட்’ என்று சிவப்பில் எழுதுவேன்.

அந்தப் பில் என் மேஜையிலிருந்து பர்ச்சேஸ் டிபார்ட்மெண்டுக்குப் போகும். சம்பளக் கணக்கில் ஏறாது. போல்ட், நட், பெயிண்ட் டின் வாங்கின செலவோடு சேர்ந்து ஏறும். ஆள் சப்ளைக்கு இப்போது 18 சதவீதம் ஜிஎஸ்டி. சரக்குக்குப் போடுகிற மாதிரியே ஆளுக்கும் பில்லில் வரி. இப்படிப் பில்லை முதலில் பார்த்தபோது விசித்திரமாக இருந்தது. ஐந்தாறு வருஷத்தில் பழகிவிட்டது.

ஒரே டிராலியை முன்னால் ஒருத்தர் இழுப்பார், பின்னால் ஒருத்தர் தள்ளுவார். இழுக்கிறவர் நிரந்தரம், தள்ளுகிறவர் காண்ட்ராக்ட். ஒருவர் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்குகூட இன்னொருவருக்கு இல்லை. இது கூடாது என்று சட்டம் சொல்லாமல் இல்லை. 1970-ஆம் வருஷத்துக் காண்ட்ராக்ட் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த மத்திய விதியில், ஒரே மாதிரி வேலைக்கு நிரந்தரத் தொழிலாளிக்குக் கொடுக்கும் அதே கூலியைக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. தற்காலிக ஊழியர்களுக்கும் சம வேலைக்குச் சம சம்பளம் என்று 2016-ல் பஞ்சாப் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது. கம்பெனிகள் கண்டுபிடித்த வழி சுலபமானது. வேலை ஒன்றே, பேரை மட்டும் மாற்று. இழுக்கிறவர் ‘ஆபரேட்டர்’, தள்ளுகிறவர் ‘ஹெல்ப்பர்’. முடிந்தது.

எங்கள் கம்பெனி இதில் ஒன்றும் தனிப் பிறவி இல்லை. நாட்டின் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் 2000 வாக்கில் ஐந்தில் ஒரு தொழிலாளி காண்ட்ராக்ட். இப்போது பத்தில் நாலு பேர். வருஷாந்தரத் தொழில்துறை ஆய்வுக் கணக்கு சொல்வது இது.

இனி என் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

தமிழ்நாட்டில் 1981-ல் ஒரு சட்டம் வந்தது. 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கியாக வேண்டும். இந்தியாவில் தமிழ்நாட்டுத் தொழிலாளி கையில் இருந்த நல்ல ஆயுதங்களில் ஒன்று. நான் சேர்ந்த காலத்தில் எங்களிடம் காண்ட்ராக்ட் குறைவு, நேரடியாக எடுத்த டெம்பரவரிப் பையன்கள்தான் அதிகம். அவர்களுக்கென்று கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தேன். 400 நாளைத் தொட்டவன் பேருக்கு எதிரே பென்சிலில் ஒரு புள்ளி. 450-க்கு இரண்டாவது புள்ளி. மேனேஜர் சனிக்கிழமை சாயங்காலம் நோட்டைப் புரட்டுவார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். இரண்டு புள்ளி விழுந்தவனுக்கு அடுத்த வாரம் ‘பிரேக்’. மூன்று மாதம், நாலு மாதம் கழித்து வேறு பேப்பரில் புதிதாக வருவான், நாள் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். யாரும் என்னை இப்படிச் செய் என்று எழுதிக் கொடுத்ததில்லை. புள்ளியை வைத்தது என் கைதான்.

சங்கத்துக்குத் தெரியாதா என்றால், தெரியும். கமிட்டியில் இருந்த ஒருவர் என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “என்னப்பா, அம்மை போட்ட மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் பேசாமல் இருந்ததற்குக் கெட்ட மனசு காரணம் இல்லை. லோடு காரணம். மொத்தம் இவ்வளவுதான் ஏற்ற முடியும் என்று நிர்வாகம் ஒரு தொகையில் நின்றுவிடும். அதை நூறு பேருக்குப் பிரிப்பதா, நூற்றைம்பது பேருக்குப் பிரிப்பதா? ஐந்தாவது ஒப்பந்தத்தில் அதுவரை காணாத உயர்வு கிடைத்தது, கேட்டில் வெடி போட்டார்கள். அந்த ஒப்பந்தத்தின் பதினொன்றாவது ஷரத்து: ‘உற்பத்தித்திறனை மேம்படுத்த நிர்வாகம் எடுக்கும் நடவடிக்கைகளுக்குச் சங்கம் ஒத்துழைக்கும்.’ பெயிண்டிங்கையும் பேக்கிங்கையும் வெளியே கொடுக்கும்போது ஆட்சேபிக்க மாட்டோம் என்பதுதான் அதன் அர்த்தம். டைப் அடித்தது நான். பதினாலு ஆட்கள் அதற்கப்புறம்தான் வந்தார்கள். வெடிக்கான காசு அவர்கள் கூலியிலிருந்துதான் போனது என்பேன்.

என் அப்பா மில் தொழிலாளி. ரயில்வே ஸ்டேஷனுக்கு மேற்கே இருந்த மில். பேர் மாறின பிறகும் எங்கள் வீட்டில் அது ஹார்வி மில்தான். அதே ஹார்வி குடும்பத்தின் தூத்துக்குடி கோரல் மில்லில்தான் 1908-ல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நின்று வேலைநிறுத்தம் நடத்தி, கூலி உயர்வும் வார விடுமுறையும் வாங்கினார்கள். அப்பாவுக்கு அந்தக் கதையைவிட ‘போர்டு சம்பளம்’ பற்றிப் பேசத்தான் பிடிக்கும். 1957-ல் மத்திய அரசு பஞ்சாலைத் தொழிலுக்கென்று ஊதியக் குழு ஒன்றைப் போட்டது. இந்த மில் அந்த மில் என்று தனித்தனியாகப் பேசாமல் தொழில் முழுவதற்கும் ஒரே பேச்சு. “அந்த மில்லுக்காரனும் நானும் ஒரே கூலி. கல்யாண வீட்டுப் பந்தியில எவன் முன்னால எவன் உக்கார்றதுன்னு சண்டை கிடையாது” என்பார். பதிலியாகச் சேர்ந்து, காலையில் கேட்டில் நின்று, ஆள் வராத தறிக்காகக் காத்திருந்துதான் நிரந்தரம் ஆனவர் அவர். அதனால் பதிலிகளைப் பார்த்தால் பீடி வாங்கிக் கொடுப்பார்.

அப்புறம் நூற்பாலைகள் ஊரை விட்டு வெளியேறி வேடசந்தூர், திண்டுக்கல் பக்கம் போயின. கல்யாணச் செலவுக்கு மூன்று வருஷ முடிவில் மொத்தமாகத் தருகிறோம் என்று கிராமத்துப் பெண் பிள்ளைகளை விடுதியில் அடைத்து வைத்த சுமங்கலித் திட்டம் அங்கேயும் வந்தது. கேம்ப் கூலி என்பார்கள். பயிற்சியாளர் என்று எழுதிவிட்டால் பட்டியலில் பேர் வராது. இது எனக்குப் பழக்கமான தந்திரம்.

நேரெதிரான ஓர் உதாரணம் என் வீட்டிலேயே இருந்தது. சித்தப்பா கீழமாசி வீதியில் லோடுமேன். பள்ளிக்கூட லீவில் அவருக்குச் சாப்பாடு கொண்டு போவேன். வத்தல் கமிஷன் கடை வாசலில் நின்றால் தும்மித் தீராது. லாரியிலிருந்து இறங்கும் சீனி மூட்டையை, சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, கழுத்தைச் சற்றே இடது பக்கம் சாய்த்து வாங்குவார். மூட்டை தலையில் உட்காரும் அந்த நொடியில் முழங்கால் ஒருமுறை மடங்கி நிமிரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். அவர் அந்த நேரத்தில்தான் யாரையாவது கிண்டல் செய்துகொண்டிருப்பார்.

அங்கே கூலி மூட்டைக்கு. இந்தக் கடை அந்தக் கடை என்று பேதம் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கடைக்காரர்கள் நாலு பேரும் லோடுமேன்கள் நாலு பேரும் உட்கார்ந்து, சின்ன மூட்டைக்கு இவ்வளவு, பெரிய மூட்டைக்கு இவ்வளவு, மாடி ஏற்றினால் கூட இவ்வளவு என்று பேசி முடிப்பார்கள். ஒரு கடைக்காரர் தனியாக வந்து, “நம்ம கடைக்கு மட்டும் கொஞ்சம் பாத்துப் போடுங்கப்பா” என்று இழுத்தபோது சித்தப்பா சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: “மொதலாளி, ஒங்க கடைக்குன்னா மூட்டை என்ன வெயிட்டு கொறைஞ்சா வருது?”

சாயங்காலம் கடைத் தாழ்வாரத்தில் துண்டை விரித்து அன்றைய மொத்தத்தைக் கொட்டிப் பங்கு போடுவார்கள். இருபது மூட்டை சுமந்தவருக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டு பன்னிரண்டோடு உட்கார்ந்துவிட்டவருக்கும் ஒரே பங்கு. புதுப் பையனுக்கு மட்டும் ஆறு மாதம் வரை அரைப் பங்கு.

இதைச் சொர்க்கம் மாதிரி எழுதிவிடக் கூடாது. அந்தப் பையன் உள்ளே வருவதே பெரிய பாடு. மச்சானாகவோ சொந்த ஊர்க்காரனாகவோ இருக்க வேண்டும். சிந்தின தானியத்தைக் கூட்டிச் சலித்துக் கொடுத்த பெண்கள் எந்தப் பங்கிலும் சேர்த்தி இல்லை. அவர்களுக்குக் கடைக்காரர் கொடுத்ததுதான். ஆனாலும் அங்கே கூலி மூட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எந்தக் கடை, எந்த ஆள், யார் மூலமாக வந்தான் என்பதெல்லாம் அதைத் தொடவில்லை. எங்கள் கம்பெனியில் கூலி ஆள் வந்த வழியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

சட்டத்தை மாற்றினால் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு: சட்டம் ஏற்கெனவே மாறிவிட்டது, 2025 நவம்பர் 21 முதல் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றை மொத்தமாகத் திட்டுகிற கூட்டத்தில் நான் சேரமாட்டேன். 1926-ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம் ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்றது. நிர்வாகம் அந்தச் சங்கத்தோடு பேசித்தான் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த ஓட்டைதான் இத்தனை வருஷமும். 2024-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிற்சாலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்ததே, அதில் முக்கியமான சண்டை எங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள் என்பதுதான். இன்னொரு பக்கம் அரசு பஸ் கழகங்கள். 2022-ல் பதினாலாவது ஊதிய ஒப்பந்தம் பேசும்போது அறுபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள் வந்து உட்கார்ந்தன. அது பேச்சுவார்த்தையா, பொதுக்கூட்டமா? புதுத் தொகுப்பில் 51 சதவீதம் தொழிலாளர் ஆதரவு இருக்கும் சங்கம்தான் பேசும் சங்கம். யாருக்கும் அவ்வளவு இல்லையென்றால் 20 சதவீதம் வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்து ஒரு குழு. நல்லது.

ஆனால் எதில் 51 சதவீதம்? கம்பெனியின் சொந்த ஆட்களுக்கான வருகைப் பதிவான மஸ்டர் ரோலில். அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. மஸ்டர் ரோல் என் மேஜையில் இருந்தது. பதினாலு ஆட்கள் அதில் கிடையாது, அவர்கள் காண்ட்ராக்டர் ரோலில் இருக்கிறார்கள். நிரந்தரம் 100, காண்ட்ராக்ட் 150 என்று ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 250 பேர் நுழையும் கேட்டில் 51 பேர் பெரும்பான்மை ஆகிவிடுகிறார்கள். மற்ற 150 பேர் பேசலாம் என்றால் யாரோடு? கம்பெனியில் வாடகை டெஸ்க்கும் ஒரு சூப்பர்வைசரும் தவிர எதுவும் இல்லாத காண்ட்ராக்டரோடு. அவர் கையை விரிப்பார். உண்மையாகவே அவர் கையில் ஒன்றும் இருக்காது.

ஓட்டுப் பட்டியலை மஸ்டர் ரோலிலிருந்து எடுக்காமல் செக்யூரிட்டி வைத்திருக்கும் கேட் ரிஜிஸ்டரிலிருந்து எடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. வருஷத்தில் இத்தனை நாள் இந்த கேட்டுக்குள் போனவர் எல்லாருக்கும் ஓட்டு. அப்படி வந்தால் கமிட்டி ஆட்கள் பதினொன்றாவது ஷரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை யோசிப்பார்கள்; அடுத்த எலக்‌ஷனில் பெயிண்டிங் செக்‌ஷனும் ஓட்டுப் போடுமே. நல்ல மனசை நம்பி இதெல்லாம் நடக்காது என்பதை இருபத்தேழு வருஷமாகப் பார்த்துவிட்டேன்.

இரண்டாவது சிக்கல் இதைவிடக் கஷ்டமானது. காசு வைத்திருப்பவர் மேஜைக்கே வருவதில்லை. செல்லூரில் என் கூடப் படித்தவன் ஆறு தறி வைத்திருக்கிறான். வியாபாரி நூல் கொடுப்பார், இவன் நெய்து கொடுப்பான், மீட்டருக்குக் கூலி. பேருக்கு முதலாளி. “எங்கிட்ட ஓட்டுறவய்ங்களுக்குக் கூலி ஏத்தணும்னு நீ சொல்ற. எனக்கு யாரு ஏத்துறது?” என்று கேட்டான். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்காரர்களே தறியை நிறுத்திவிட்டு ஜவுளி உற்பத்தியாளர்களிடம் கூலி உயர்வு கேட்டுப் போராடுவது இதனால்தான். தறிக்காரரையும் தறி ஓட்டுகிறவரையும் மட்டும் எதிரெதிரே உட்கார வைத்தால் இரண்டு ஏழைகள் மாறி மாறிச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருப்பார்கள். நூல் கொடுப்பவர் மூன்றாவது நாற்காலியில் உட்கார வேண்டும்.

இது நடக்காத காரியம் இல்லை. மதுரையிலிருந்து ஒரு மணி நேரம் வடக்கே திண்டுக்கல்லில், ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம்பெண் 2021-ல் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் நின்று 2022-ல் ஒப்பந்தம் போட வைத்தது. ஆடை தைக்கும் கம்பெனியோடு அதை வாங்கி விற்கும் வெளிநாட்டு பிராண்டுகளும் கையெழுத்துப் போட்டன. அது கூலி ஒப்பந்தம் இல்லை, வேலையிடத்தில் பெண்கள் மேல் நடக்கும் வன்முறையைத் தடுக்கப் போட்டது. அங்கே மூன்றாவது நாற்காலிக்காரரை வரவழைத்திருக்கிறார்கள். கூலிக்கும் வரவழைக்கலாம்.

தொழில் முழுவதற்கும் ஒரே கூலி என்றதும் சின்ன ஆட்கள் செத்துப் போவார்கள் என்பார்கள். ஸ்வீடனில் ரெய்ன், மெய்ட்னர் என்ற இரண்டு சங்கப் பொருளாதாரக்காரர்கள் 1951-ல் இதற்குத் துணிச்சலான பதில் வைத்திருந்தார்கள்: நியாயமான கூலி கொடுக்க முடியாத கம்பெனி மூடட்டும், அந்தத் தொழிலாளிக்கு அரசாங்கம் வேறு வேலை கற்றுக்கொடுத்து நல்ல கம்பெனிக்கு அனுப்பட்டும். அங்கே அது பல வருஷம் ஓடியது. இங்கே முதல் பாதி மட்டும் நடக்கும். தறி நின்றால் என் நண்பன் ஷேர் ஆட்டோதான் ஓட்டப் போவான். அதனால் நூல்காரரைக் கூப்பிடாமல் கூலியை மட்டும் ஏற்று என்று நான் சொல்ல மாட்டேன்.

குறைந்தபட்சக் கூலி பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. 1957-ல் பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு கணக்கை அப்போதே போட்டுக் கொடுத்துவிட்டது: ஒரு தொழிலாளி குடும்பம் மூன்று நுகர்வு அலகு, பெரியவருக்கு நாளுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கஜம் துணி, வாடகை, விளக்கு, விறகு. பிள்ளைகள் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் மேலே 25 சதவீதம் சேர்க்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் ராப்டகோஸ் பிரெட் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தக் கணக்கில் ஆண் ஒரு அலகு என்றால் மனைவி 0.8 அலகுதான். என் வீட்டில் இதைச் சொல்லிவிட்டு அன்று ராத்திரி நானே தோசை சுட்டேன். இவ்வளவு சூத்திரம் இருந்தும் 2019-ல் மத்திய அரசு தேசியத் தரைக் கூலி என்று சொன்னது நாளுக்கு 178 ரூபாய். அரசு போட்ட நிபுணர் குழுவே அதே வருஷம் 375 என்று கணக்குக் காட்டியிருந்தது. தரை இவ்வளவு பள்ளத்தில் இருக்கும்போது காண்ட்ராக்டர் பில்லில் ரேட் எப்படி ஏறும்?

போன மாதம் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் பெயிண்டிங் செக்‌ஷன்காரர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். பேரை இங்கே போடவில்லை, இன்றைக்கும் அதே கேட்டுக்குள்தான் போகிறார். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் நாலைந்து பிஎஃப் சீட்டு. பத்து வருஷம் சர்வீஸ் இருந்தால்தான் பென்ஷன். அவர் வேலை பார்த்ததோ பத்தொன்பது வருஷம். ஆனால் காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது நம்பர். நடுவில் ஒரு காண்ட்ராக்டர் மூன்று வருஷம் பணம் பிடித்ததோடு சரி, கட்டவில்லை. சேர்த்துக் கூட்டினால் எட்டரைதான் வருகிறது.

“நான் அங்க இருந்தேன்னு ஒங்களுக்குத் தெரியும்ல சார். ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க, ஆபீஸ்ல காட்டுறேன்.”

ரிட்டயர் ஆன கிளார்க் எழுதும் கடிதம் எந்த ஆபீசிலும் செல்லாது என்று சொன்னேன். பரவாயில்லை, எழுதுங்கள் என்றார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அவர் கொடுத்த வெள்ளைத் தாளில் தேதி போட்டு, ‘இன்னார் மேற்படி தொழிற்சாலையில் பெயிண்டிங் பிரிவில்’ என்று ஆரம்பிக்கும்போது கை நின்றுவிட்டது.

“இனிஷியல் என்னப்பா?” என்று கேட்டேன்.